நாலு பரப்புக் காணியும் அறுபத்தொரு மணப்பெண்களும்

என் தங்கை மீனாம்பிகை சித்திரத்தில் பட்டம் பெற்றவள். உடுவிலில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், பட்டம் பெற்ற முதல் ஆள் அவள்தான். அந்தப் பட்டத்துக்கு எவ்வளவு செலவானது, அது எவ்வளவு உழைத்துத் தந்தது என்று ஊரில் பலரும் பலவிதமாகக் கதைத்தார்கள். சரியான கணக்கு என்னிடம் மட்டுமே இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்று, கூட்டுறவுச் சங்கக்கடையில் நிறுக்கப் போனவன். இப்போது அங்கே மனேச்சர். ஒரு கிலோ சீனியில் பத்துக் கிராம் குறைந்துவிட்டது என்று தெரிந்தால் அன்று எனக்குச் சோறு இறங்காது. அந்தப் பழக்கத்தில் இந்தக் கணக்கையும் ஒரு கொப்பியில் எழுதி வந்தேன்.

கொழும்பிலிருந்து கடிதம் வந்தது 1984ஆம் ஆண்டு ஐப்பசியில். நுண்கலைக் கல்லூரி ஒன்றில் சித்திரமும் சிற்பமும் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. நாலு வருடப் படிப்பு. அப்பா காலமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் அம்மா, தங்கை, நான்.

“படம் கீறுறதுக்கும் பட்டம் குடுக்கினமோ?” என்று அம்மா கேட்டார்.

“குடுக்கினம் அம்மா. கடுதாசியிலை கிடக்கு.”

“பட்டம் எடுத்தாப் பிறகு என்ன உத்தியோகம்?”

“அது கடுதாசியிலை இல்லை,” என்றாள் தங்கை.

படிப்புக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் தங்குமிடம், சாப்பாடு, ரயில், நிறம், துணி, தூரிகை எல்லாம் கைக்காசு. நான் இரண்டு நாள் இருந்து கணக்குப் பார்த்தேன். என் சம்பளம் போதாது. எங்களிடம் இருந்த ஒரே பெறுமதியான பொருள், ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் உள்ள நாலு பரப்புத் தோட்டக்காணி. கால் ஏக்கர், நல்ல சிவப்பு மண். அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. தங்கைக்குச் சீதனமாகப் போக வேண்டியது. அதை ஒற்றி வைத்தோம்.

ஒற்றி என்றால் வட்டி கிடையாது. காசு தந்தவர் காணியைச் செய்து விளைச்சலை எடுத்துக்கொள்வார். காசைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் காணி எங்களுக்குத் திரும்பும். ஆனால் நினைத்த நேரத்தில் மீட்க முடியாது. வைகாசியில் சொல்லிவைத்து, வெங்காயம் கிண்டி எடுத்த பிறகு, ஆவணி முடிவதற்குள் முழுக் காசையும் வைக்க வேண்டும். தவறினால் அவருக்கு இன்னொரு வருட விளைச்சல். காசு தந்தவர் எங்கள் பக்கத்துக் காணிக்காரர் பஞ்சலிங்கம். இருபத்துநாலாயிரம் ரூபா. நேர்மையான மனிதர். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

ஒற்றி உறுதிப் பத்திரத்தில் அம்மா கையெழுத்து வைத்த அன்று தங்கை அவரிடம் சொன்னாள்: “பஞ்சலிங்கம் அண்ணை, உந்தக் காணியை நான் கீறி உழைச்சுத்தான் மீட்பன். அண்ணையின்ரை சம்பளத்திலை இல்லை.”

“அவசரமில்லைப் பிள்ளை,” என்றார் அவர். “ஆறுதலாக் கீறு. எனக்கு வெங்காயம் விளையும்.”

நாலு வருடப் படிப்பு ஐந்து வருடமும் மூன்று மாதமும் ஆனது. நாட்டு நிலவரத்தால் கல்லூரியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்கள். மூடியிருந்தாலும் அறை வாடகை கொடுக்க வேண்டும். அவள் எழுதிய கடிதங்களிலிருந்து ஒவ்வொரு செலவையும் கொப்பியில் பதிந்தேன். வெள்ளை நிறம் மட்டும் ஏன் இவ்வளவு கெதியாக முடிகிறது என்று ஒருமுறை கேட்டு எழுதினேன். எந்த நிறத்தை வெளிச்சமாக்கவும் வெள்ளை வேண்டும் அண்ணை, அது எங்கள் வீட்டு உப்பு மாதிரி என்று பதில் வந்தது. அதன் பிறகு வெள்ளை வாங்கிய செலவைப் பற்றி நான் கேட்கவில்லை. இன்னொரு கடிதத்தில், ஒரு கிழவரை மூன்று நாள் கதிரையில் இருத்திக் கீறுவதற்காக வகுப்பில் எல்லோரும் சேர்ந்து அவருக்குக் கூலி கொடுத்ததாக எழுதியிருந்தாள். சும்மா இருப்பதற்குக் கூலியா என்று பஞ்சலிங்கம் அண்ணை கேட்டார். “மனேச்சர், அடுத்த முறை என்னை அனுப்பும். நான் ஆறு நாள் இருப்பன்.”

1990 மாசியில் பட்டத்தோடு வந்தாள். அன்றே கொப்பியைக் கூட்டினேன். ஒற்றிக் காசு இருபத்துநாலாயிரம். அம்மாவின் காப்பு இரண்டு விற்றது ஆறாயிரத்து இருநூறு. என் சம்பளத்திலிருந்து பதினோராயிரத்து நூற்றெண்பது. மொத்தம் நாற்பத்தோராயிரத்து முந்நூற்றெண்பது ரூபா.

ஆனியில் சண்டை தொடங்கியது. கரண்டும் கொழும்பிலிருந்து சாமான் வருவதும் நின்றன. சித்திர ஆசிரியர் வேலைக்குப் போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை. முதல் இரண்டு வருட வருமானத்தை எழுத அரைப் பக்கம் போதுமாக இருந்தது. அரிசி ஆலைக்குப் பெயர்ப்பலகை. பள்ளி நாடகத்துக்குக் காட்டுத் திரை. கோயில் குதிரை வாகனத்துக்கு நிறம் தீட்டியதற்கு நானூற்றைம்பது ரூபாவும் ஒரு குலை கதலியும். எல்லாம் சேர்த்து மூவாயிரத்து நூற்றுப்பதினைந்து. வாழைக்குலையை நான் காசில் சேர்க்கவில்லை.

பஞ்சலிங்கம் அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்.

“மனேச்சர், இந்தப் போகம் எனக்கு வெங்காயம் பன்ரெண்டு அந்தர். உம்மடை வீட்டிலை சித்திரம் எத்தினை அந்தர் விளைஞ்சது?”

ஒரு அந்தர் என்றால் ஐம்பது கிலோ. தங்கைதான் உள்ளேயிருந்து சொல்வாள்: “இன்னும் கிண்டேல்லை அண்ணை. மண்ணுக்குள்ளை கிடக்கு.”

அவள் விளையாட்டுக்குச் சொன்னாலும், அந்தப் பேச்சில் பிறகு உண்மை வந்தது. கொழும்பிலிருந்து கொண்டுவந்த நிறங்கள் தீர்ந்துபோயின. வாங்க இடமில்லை. விளக்குப் புகைக்கரியில் கறுப்பு எடுத்தாள். விளாம்பிசினை ஊறவைத்துப் பசை செய்தாள். மனித நிறத்துக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் எங்கள் பழைய காணிக்குப் போய்ச் சிரட்டையில் சிவப்பு மண் அள்ளினாள்.

“மண்ணும் ஒற்றிக்குள்ளைதான் பிள்ளை,” என்றார் பஞ்சலிங்கம்.

“மீட்கேக்கை இந்தச் சிரட்டையைக் கழிச்சுப்போட்டுத் தாங்கோ.”

மண்ணைக் கரைத்து, தெளிய வைத்து, துணியில் வடித்து, மீண்டும் அரைத்தாள். எட்டுத் தரம். கடைசியில் பட்டுப்போல ஒரு களி வந்தது. அதில் கரியை ஊசிமுனையளவு கலந்தால் எங்கள் ஊர்ப் பெண்களின் கன்னம் அப்படியே கடுதாசியில் வந்தது. அதை முதலில் பார்த்தவன் நான்.

1992இல் ஊருக்குப் பெரிய தொல்லை ஒன்று வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெடியன் வெளிநாட்டில். அவனுக்குப் பெண் பார்ப்பது இங்கே. பெண்ணின் படம் அனுப்பாமல் அவன் சம்மதம் சொல்ல மாட்டான். ஆனால் பிலிம் வருவதில்லை, கழுவ மருந்தில்லை, கரண்டில்லை. ஸ்ரூடியோக்கள் பூட்டிக் கிடந்தன. சித்திரை மாதம் ஒரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் படலையைத் திறந்தார். அதன் பிறகு படலைக்கு ஓய்வில்லை.

முதலில் முந்நூறு ரூபா, பிறகு ஐந்நூறு. பெண் இரண்டு மணித்தியாலம் கதிரையில் இருக்க வேண்டும். வந்த பெண்களுக்கு முதல் அரை மணித்தியாலம் சிரிப்பு அடங்காது. தங்கை பென்சிலைச் சீவுவாள். அந்தச் சிரிப்பு முடிந்து, கண்ணில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் நேரத்துக்காகக் காத்திருப்பாள். தாய்மார்தான் கரைச்சல்.

“பிள்ளை, நிறத்தைக் கொஞ்சம் வெள்ளையாப் போடுமன்.”

“வெள்ளை முடிஞ்சுது மாமி. கப்பல் வந்தாப் பாப்பம்.”

இதை நான் முப்பது தரமாவது கேட்டிருப்பேன். கடைசியாக இருந்த ஒரு சிறு குப்பி வெள்ளை அலுமாரிக்குள் இருந்தது எனக்குத் தெரியும். கண்ணின் ஒளிப்பொட்டுக்கு மட்டும் அதைத் தொடுவாள்.

கீறிய படங்கள் மனிதர் கையில் கொழும்பு போய், அங்கிருந்து கனடாவுக்கும் நோர்வேக்கும் போயின. சம்மதங்கள் வந்தன. நாங்கள் தகரப்பெட்டி ஒன்றில் மீட்புக் காசு சேர்த்தோம். 1994 வைகாசியில் தங்கையே வேலிக்குப் போய்ச் சொன்னாள்: “பஞ்சலிங்கம் அண்ணை, ஆவணியிலை காணியை மீட்கிறம்.” அவர் தலைத்துவாயைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். ஆடி தொடக்கத்தில் பெட்டியில் இருபத்தீராயிரத்து முந்நூற்றைம்பது ரூபா இருந்தது. வேண்டியது இன்னும் ஆயிரத்து அறுநூற்றைம்பது. நாலு பெண்கள் வந்தால் போதும்.

அப்போதுதான் இரத்தினம்மா மாமி தன் மகள் அருந்ததியோடு வந்தார். கணவர் இல்லாத குடும்பம். மாப்பிள்ளை சுவிசில். மாப்பிள்ளையின் தாய் சிவக்கொழுந்து, கீரிமலையிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் ஊரிலேயே இருந்தார். படம் கீறி முடியும் நேரம் இரத்தினம்மா மாமி தங்கையின் காதுக்குக் கிட்ட வந்தார்.

“பிள்ளை, கழுத்து வெறுமையாக் கிடக்கு. ஒரு பதக்கச் சங்கிலி போட்டுவிடுமன்.”

“அருந்ததியிட்டைப் பதக்கம் இருக்கோ மாமி?”

“முந்தி ஸ்ரூடியோவுக்குப் போகேக்கை பக்கத்து வீட்டிலை இரவல் வாங்கிப் போடுறேல்லையே. இப்ப ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? எல்லாரும் வித்துப்போட்டினம். நீர் கீறினாச் சரி.”

அது உண்மைதான். படத்துக்கு இரவல் நகை போடுவது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் நடந்தது. பார்ப்பவர்களுக்கும் தெரியும். அருந்ததி கதிரையிலிருந்தபடி, “எனக்கு வேண்டாம் அம்மா, கழுத்துக் கடிக்கும்,” என்றாள். கீறிய பதக்கம் எப்படிக் கடிக்கும் என்று எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் தங்கை, முன்னால் இருப்பதை மட்டும் கீறும் தன் கட்டுப்பாட்டை ஒருதரம் விட்டாள். மாங்காய் வடிவில், சிவப்புக் கற்கள் வைத்த பதக்கம் ஒன்றைக் கீறிக் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து இரத்தினம்மா மாமி தனியாக வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“பிள்ளை, என்னைத் தேர் இழுத்து நடுத்தெருவிலை விட்ட மாதிரி விட்டிட்டீர்.”

நடந்தது இதுதான். சிவக்கொழுந்து மாமி படத்தைக் கண்டதும் பதக்கத்தில் விரலை வைத்தார். சீதனமாக வேறு ஒன்றும் வேண்டாம், இந்தப் பதக்கம் மட்டும் பிள்ளையின் கழுத்தில் வர வேண்டும் என்றார். இரத்தினம்மா மாமி வாய் திறக்க முடியாமல் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். இரவல் நகையை எல்லோருக்கும் தெரியும். கீறிய நகையைப் பற்றி எந்த வழக்கமும் இல்லை.

“இல்லாத பதக்கத்தை நான் எங்கை போய் எடுக்கிறது? நீர் கீறினது, நீரே பாதிக் காசு தாரும். இல்லாட்டி இந்தக் கலியாணம் நிண்டது உம்மடை படத்தாலை எண்டு நான் ஊருக்குச் சொல்லுறதைத் தவிர வேறை வழியில்லை.”

அப்படிச் சொன்னால் வேறு ஒரு பெண்ணும் வர மாட்டாள். பாதிக் காசு கொடுத்தாலோ தகரப்பெட்டியில் பெரும்பகுதி போய்விடும். எப்படிப் பார்த்தாலும் ஆவணி தவறும். நான் மனதில் இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்தேன். இரண்டிலும் நட்டம்.

தங்கை என்ன செய்யப்போகிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அலுமாரியைத் திறந்து பழைய கொப்பிகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“மாமி, வாங்கோ. சிவக்கொழுந்து மாமியிட்டைப் போவம். அண்ணை, அந்தப் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாங்கோ.”

பூதக்கண்ணாடி என்னுடையது. சங்கக்கடைக் கூப்பன்களில் இலக்கம் பார்க்க வைத்திருந்தேன்.

சிவக்கொழுந்து மாமி எங்களை இருத்தித் தேத்தண்ணியும் பனங்கட்டியும் தந்தார். அருந்ததியின் படம் சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. சுவிசுக்கு அனுப்ப ஆள் அகப்படவில்லையாம்.

“மாமி, இந்தப் பதக்கம் ஏன் உங்களுக்கு இவ்வளவு பிடிச்சது?” என்று தங்கை கேட்டாள்.

“இதே மாதிரி ஒண்டு என்னட்டை இருந்தது பிள்ளை. என்ரை அம்மா தந்தது. பெடியனைச் சுவிசுக்கு அனுப்ப ஏஜென்சிக்குக் காசு காணேல்லை, வித்துப்போட்டன். இதைக் கண்டவுடனை, அது திரும்பி வீட்டுக்கு வாற மாதிரிக் கிடந்தது.”

தங்கை படத்தை எடுத்து அவர் மடியில் வைத்து, கண்ணாடியைக் கையில் கொடுத்தாள்.

“இடப்பக்கத்துக் கல்லுகளை எண்ணுங்கோ மாமி. மேலையிருந்து.”

“ஒண்டு. ரண்டு.” அவர் நிறுத்தினார். “மூண்டாவது இல்லை. குழிதான் கிடக்கு.”

“உங்கடையிலை?”

மாமி கண்ணாடியை இறக்கவில்லை. “அது கலியாணத்தண்டு தாலி கட்டேக்கை விழுந்தது. பேந்து வைக்கவேயில்லை.”

தங்கை தன் கொப்பியைத் திறந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் சிவக்கொழுந்து மாமி தன் கலியாணப் படத்தைக் கொண்டுவந்திருந்தார். இடம்பெயர்ந்த மழையில் நனைந்து, பாதி அழிந்த படம். அதைப் பார்த்துப் பெரிதாகக் கீறிக் கொடுத்தாள். அப்போது முதலில் பதக்கத்தை மட்டும் தனியாகப் பென்சிலால் கீறிப் பழகியிருந்தாள். கல் விழுந்த குழியோடு.

“மாமி, எனக்குக் காணாத ஒண்டையும் கீற வராது. அருந்ததிக்குப் பதக்கம் கீறச் சொல்லேக்கை கை தானா உங்கடையைக் கீறிப்போட்டுது. அவவிட்டைப் பதக்கம் இல்லை. ஒரு மெல்லிய சங்கிலிதான். பிழை என்ரை.”

இரத்தினம்மா மாமி சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணியைக் கையில் வைத்திருந்தேன், குடிக்கவில்லை. சிவக்கொழுந்து மாமி முதலில் கொப்பியைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு. கண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“எடி இரத்தினம், என்ரை பதக்கத்தை உன்னட்டை நானே சீதனமாக் கேட்டிருக்கிறன்.”

“நானும் ஓமெண்டு தலையாட்டினனான்,” என்றார் இரத்தினம்மா மாமி. அதன் பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“அது அவளின்ரை கழுத்துக்குத் தானா வந்து ஏறியிருக்கு. மாமியார் போட்டது எண்டு இருக்கட்டும். பிள்ளை, அழிச்சுப்போடாதை. இப்பிடியே போகட்டும். நான் மகனுக்கு எல்லாத்தையும் எழுதுறன்.”

எழுதினார். மகனின் பதில் கார்த்திகையில்தான் வந்தது. அதை அவர் ஒழுங்கை முழுவதும் வாசித்துக் காட்டினார். முதலில் பதக்கத்தைப் பார்த்தேன், அம்மா. பிறகு பிள்ளையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு பதக்கத்தைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். அருந்ததி தையில், சுவிசுக்குப் போவதற்காக, கொழும்புக்குப் போனாள்.

பதக்கக் கதை ஊரில் பரவியதும் ஆட்கள் கூடினார்கள். கல் விழுந்த குழியைக்கூட விடாதவள் முகத்தில் பொய் கீற மாட்டாள் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்களாம். இப்போது அவர்களே பெண் வீட்டாரை எங்களிடம் அனுப்பினார்கள். தங்கை ஒரு பலகையில் எழுதித் தொங்கவிட்டாள்: நகை கீறப்படமாட்டாது. ஆவணி பத்தாம் தேதிக்குள் பெட்டியில் இருபத்துநாலாயிரம் நிறைந்துவிட்டது. அதுவரை அவள் கீறிய மணப்பெண்கள் அறுபத்தொன்று; பெயர்ப்பலகைகளும் பழைய படங்களைப் பார்த்துக் கீறியவையும் வேறு.

காசு வைக்கும் நாளில் பஞ்சலிங்கம் அண்ணை குளித்து, விபூதி பூசி, வெள்ளை வேட்டியோடு வந்தார். ஒற்றி உறுதியைக் கையில் கொண்டுவந்திருந்தார். காசைத் தங்கைதான் கொடுத்தாள். அவர் இரண்டு தரம் எண்ணினார். நான் ஒரு தரம் எண்ணினேன். அம்மா உள்ளே போய்ச் சுவாமிக்குக் கற்பூரம் கொளுத்தினார்.

நான் என் கொப்பியைத் திறந்து எல்லோருக்கும் வாசித்தேன். “பட்டத்துக்குச் செலவு நாற்பத்தோராயிரத்து முந்நூற்றெண்பது. இண்டைவரை உழைப்பு முப்பத்தொன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது. இன்னும் ஆயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாதான் மிச்சம். மார்கழிக்குள்ளை பட்டம் தன்ரை கடனை அடைச்சுப்போடும்.”

“அண்ணை,” என்றாள் தங்கை, “பத்து வருசமாப் பஞ்சலிங்கம் அண்ணை கிண்டின வெங்காயத்தை எங்கை எழுதினனீங்கள்?”

நான் பக்கத்தைப் பார்த்தேன். எழுதியிருக்கவில்லை. பத்து வருடம் ஒவ்வொரு வரியையும் பதிந்தவன், காணி எங்களிடம் இருந்திருந்தால் வந்திருக்கும் விளைச்சலை ஒருநாளும் நினைக்கவில்லை. பஞ்சலிங்கம் அண்ணை விரல் மடித்து, வேண்டுமென்றே மெதுவாகக் கூட்டிச் சொன்னார்: “செலவு போக, ஒரு நூற்றைம்பது அந்தர் இருக்கும்.”

“அப்ப இன்னும் கனக்க இருக்கு,” என்றேன்.

“இருக்கட்டும் அண்ணை. எழுதுங்கோ. சரியான கணக்கு இருக்கவேணும்.” அவள் சிரித்துக்கொண்டே என் பேனையை எடுத்துத் தந்தாள். “எனக்கு இப்ப முப்பது வயது. கை நடுங்க இன்னும் நாப்பது வருசம் கிடக்கு.”

நான் எழுதினேன். எழுதி முடிக்கும்வரை பஞ்சலிங்கம் அண்ணை போகாமல் நின்றார். வேட்டித் தலைப்பைத் திருகினார்.

“பிள்ளை, என்ரை மூத்தவளுக்கு ஜேர்மனியிலை ஒரு சம்பந்தம் கதைச்சு வருகுது. நாளைக்குக் கூட்டிக்கொண்டு வரட்டோ?”

“வாங்கோ அண்ணை.”

“ஐந்நூறுதானே?”

“காசு வேண்டாம். இந்தப் போகத்து வெங்காயத்திலை அரை அந்தர் தாங்கோ. எங்கடை காணியிலை கிண்டினது.”

அவர் வேட்டித் தலைப்பைக் கையிலிருந்து விட்டார். பிறகு என்னைப் பார்த்து, “மனேச்சர், எழுதும்,” என்றார்.

அறுபத்திரண்டாவது மணப்பெண்ணின் படத்துக்கு நேரே வரவுப் பக்கத்தில் எழுதினேன்: சித்திரம், அரை அந்தர். மறுநாள் மாலை அவர் சாக்கைச் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார். சங்கக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். அரை அந்தருக்கு மேல் இரண்டு கிலோ கூடுதலாக இருந்தது.